பழுத்த இலை பார்க்கப் போன பன்னிரண்டு பேர்

எடிசன், நியூஜெர்சி
அக்டோபர் மூன்றாம் வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. கடைசிப் பக்கத்தை மட்டும் முதலில் நீ தனியாகப் படித்துக்கொள்.

போன வாரம் போனில், “மூணு நாளா ஆளையே காணோம், எங்கல போயிருந்த?” என்று கேட்டாய். “இலை பார்க்கப் போயிருந்தோம்க்கா” என்றேன். சற்று நேரம் உன் பக்கமிருந்து சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, “ஏன், அங்க வாழையிலை கிடைக்கலையா?” என்றாய். அதற்குள் குக்கர் விசில் அடிக்க, நீ ஓடிவிட்டாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவாய். தாளில் எழுதினால்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படிப்பாய்.

நாங்கள் பார்த்தது மர இலை. அதுவும் உதிரப்போகிற இலை. நம் வீட்டு வேம்பு மாசியில் சருகு கொட்டும்போது முற்றத்துக்கும் புறவாசலுக்குமாகத் துடைப்பத்தோடு நடந்து நீ அதைத் திட்டாத திட்டு உண்டா? அதைப் பார்க்க எவராவது வெளியூரிலிருந்து வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்களா? இங்கே நிற்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு ‘லீஃப் பீப்பர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலையை எட்டிப் பார்க்கிறவர்களாம். நமக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறவர்கள்தான்.

இந்த நாட்டின் வடகிழக்கு மூலையில் நியூ இங்கிலாந்து என்று ஆறு மாநிலங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை அங்கே மலைமலையாக மேப்பிள் சிவக்கும், பிர்ச் மஞ்சளாகும். பகல் குறுகி ராத்திரி குளிர ஆரம்பித்ததும் இலையின் பச்சையம் சிதைந்துவிடுகிறது. மஞ்சள் கோடை முழுக்க உள்ளேயே ஒளிந்திருந்ததுதான். பச்சை விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் புதுவரவு. இலையில் தங்கிப்போன சர்க்கரையைக் கொண்டு, போகிற காலத்தில் அது செய்துகொள்கிற அலங்காரம். பாஸ்டன் சகலை இதை மூன்று முறை விளக்கினார். ஊரிலிருந்து வந்திருக்கிற என் மாமியார் மூன்றாவது முறைதான் வாயைத் திறந்தார்: “சர்க்கரை ஏறினா நிறம் வரும்னா, மாப்பிள்ளை, உங்க மாமா தகதகன்னு இல்ல இருந்திருக்கணும்?”

இந்தப் பயணத்தை ஆரம்பித்து வைத்தவரும் சகலைதான். அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை இங்கே அரசு விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்ந்தால் மூன்று நாள். “நியூ ஹாம்ப்ஷயரில் வெள்ளை மலைக்குப் போவோம். ஒரே வீடாக எடுத்துத் தங்குவோம், நாமே சமைப்போம், ஊர் மாதிரி இருக்கும்” என்று ஜூன் மாதம், அங்கே நெல்லையப்பருக்கு ஆனித் தேர் ஓடுகிற சமயத்தில், குடும்பக் குரூப்பில் போட்டார். உடனே எல்லோரும் ஒருமனதாக என்னை ஏற்பாட்டாளர் ஆக்கினார்கள். இந்த நான்கு மாதத்தில் ஒருமனதாக நடந்தது அது ஒன்றுதான்.

வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். மகளுக்கு வைஃபை வேண்டும். மகனுக்கு வெந்நீர்த் தொட்டி வேண்டும், திறந்த வெளியில். சகலைக்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். மச்சினிக்கு ஜன்னலைத் திறந்தால் கரடி தெரியக்கூடாது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பூஜைக்குக் கிழக்கு பார்த்த இடமும், ஏறுவதற்குப் படி இல்லாத கழிப்பறையும். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நான் காட்டிய வீடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டாள்.

இனி தலைக்கணக்கு. நாங்கள் நாலு பேர், அத்தையோடு ஐந்து. சகலை வீட்டில் இரண்டு பையன்களோடு நாலு, ஆக ஒன்பது. கனெக்டிகட்டிலிருந்து மச்சினன், அவன் மனைவி, எட்டு மாதக் கைக்குழந்தை, ஆக பன்னிரண்டு. எனக்குப் பிடித்துப்போன வீட்டுக்காரரோ, பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தார். “ஒருவர் பாட்டி, ஒருவர் குழந்தை. இரண்டும் சேர்ந்து அரை ஆள்” என்று எழுதிப் பார்த்தேன். “கைக்குழந்தையும் தலைதான்” என்று பதில் வந்தது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய். அந்த மலைப்பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் தொட்டி. எத்தனை படுக்கையறை என்று பார்த்துத்தான் தொட்டியின் அளவை நிர்ணயிக்கிறார்கள். ஆக, நம் குடும்பம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று தீர்மானிப்பது மண்ணுக்கடியில் இருக்கிற அந்தத் தொட்டி.

குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் அப்பா சாரல் சீசனுக்கு எடுப்பாரே ஒரு வீடு, ஞாபகம் இருக்கிறதா? இரண்டே அறை. ஒரு அம்மி, ஒரு வாளி, கதவு சரியாகச் சாத்தாத ஒரு கக்கூஸ். பெரியம்மா வீடு, நம் சொந்த அத்தை வீடு, நாம் என்று பத்தொன்பது பேர். வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்டதே இல்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்டார். பெண்கள் ஓர் அறை, ஆண்கள் ஓர் அறை, அப்பா திண்ணை. “இங்கதான் காத்து நல்லா வருது” என்பார்.

கடைசியில் ஐந்து படுக்கையறையோடு ஒரு வீடு அகப்பட்டது. ‘பன்னிரண்டு பேர் தூங்கலாம்’ என்று போட்டிருந்தது. அதில் இரண்டு பேர் மரப்பரணில், ஏணி வைத்து ஏற வேண்டும். ஒருவர் கூடத்து சோபாவில். பரண் சகலையின் பையன்களுக்கு, கீழறை அத்தைக்கு என்று ஒரு எக்ஸெல் தாள் போட்டுப் பங்கு பிரித்தேன். சோபா எனக்கு மிஞ்சியது.

வாடகை விவகாரம் தனி. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கினால் போச்சு. அடுத்த பக்கத்தில் சுத்தம் செய்யும் கட்டணம். அதற்கடுத்து இணையதளத்தின் சேவைக் கட்டணம். அதற்குமடுத்து மாநில வரி. நியூ ஹாம்ப்ஷயரில் கடையில் சாமான் வாங்கினால் விற்பனை வரி கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். கார் நம்பர் பலகையில்கூட ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப் போ’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாழலாம்தான். ஆனால் வாடகைக் கட்டிலில் படுத்தாலோ ஓட்டலில் சாப்பிட்டாலோ 8.5 சதவீதம் கட்டிவிட்டு வாழ வேண்டும்.

பணம் கட்டிய பிறகு விதிகள் வந்தன. நாலு பக்கம். மாலை 4 மணிக்கு முன் வரக்கூடாது. கடைசி நாள் காலை 10 மணிக்கு மேல் இருக்கக்கூடாது. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. கழிப்பறையில் காகிதம் தவிர எதுவும் போகக்கூடாது. குப்பையை இரும்புப் பெட்டியில் போட்டுக் கொக்கி மாட்ட வேண்டும்; இல்லாவிட்டால் கருங்கரடி வரும். குற்றாலத்தில் குரங்கு நம் கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு போகும், நாமும் கல்லை எடுப்பது போலப் பாவனை செய்வோம். கரடியிடம் அந்தப் பாவனை செல்லாதாம்.

விறகுக்கும் விதி. சகலை தன் வீட்டுக் கொல்லையில் விழுந்த மரத்தை வெட்டி, குளிர்காயக் கொண்டுவருவதாக இருந்தார். வெளி மாநில விறகை நியூ ஹாம்ப்ஷயருக்குள் கொண்டுபோகத் தடை. மரத்தை அரிக்கிற வண்டு விறகோடு ஒட்டிக்கொண்டு வந்து காட்டையே காலி செய்துவிடுமாம். நான் அமெரிக்க விசா வாங்கியபோதுகூட என்னை இவ்வளவு சந்தேகப்படவில்லை அக்கா, இந்த விறகை அப்படிச் சந்தேகப்படுகிறார்கள்.

இதற்கு நடுவில் அத்தை பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டார். நாங்கள் அங்கே இருக்கப்போகிற சனிக்கிழமை, புரட்டாசிக் கடைசிச் சனி. ஊரில் இருந்தால் நவதிருப்பதி போயிருப்பார். “முன்னால தங்கினவன் என்னத்த வறுத்தானோ, அந்தச் சட்டியில பெருமாளுக்குப் படைக்க மாட்டேன்” என்றார். ஆகவே இரண்டு குக்கர், தோசைக்கல், இட்லிக் கொப்பரை, இலுப்பைக் கரண்டி, மிக்ஸி எல்லாம் கிளம்பின. ‘முழு வசதியுள்ள சமையலறை’ என்று கூடுதல் காசு கொடுத்து எடுத்த வீட்டுக்கு, ஒரு முழுச் சமையலறையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினோம். 550 கிலோமீட்டர், பாளையங்கோட்டையிலிருந்து மதுராந்தகம் போகிற தூரம். கைபேசி வரைபடம் ஆறு மணி நேரம் என்றது. ஒன்பதரை ஆனது. இங்கே அக்டோபர் குளிரில் இட்லி மாவு பொங்க வேண்டுமானால் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைத்துத் தாலாட்ட வேண்டும். அப்படிப்பட்ட மாவு, காருக்குள் ஹீட்டர் காற்று பட்டதும் கனெக்டிகட் தாண்டுவதற்குள் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு மகனின் செருப்புக்குள் இறங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை அத்தை குளித்து, விளக்கேற்றி, புளிக்காய்ச்சலுக்கு மிளகாய் வற்றலைத் தாளித்தார். அவ்வளவுதான். கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. அந்த வீட்டில் ஒன்று அலறினால் எல்லா அறையிலும் அலறும். குழந்தை வீறிட்டது. சகலை துண்டை வீசிக்கொண்டு மேசைமேல் ஏறினார். மச்சினன் பரணிலிருந்த பையன்களை ஏணி வழியாக இறக்க ஆரம்பித்தான். அத்தை மட்டும் அசையவில்லை. கற்பூரத்தைக் காட்டி முடித்துக் கும்பிட்டுவிட்டு, “கோயில்ல கரண்டுல ஓடுமே மேளமும் மணியும், அதையும் சேர்த்துத்தான் வாடகையா?” என்று கேட்டார்.

அன்று மத்தியானம் கங்கமாகஸ் நெடுஞ்சாலையில் போனோம். லிங்கன் என்கிற ஊரிலிருந்து கான்வே வரை 34.5 மைல். காட்டின் நடுவே மலையேறி இறங்குகிற ரோடு. கங்கமாகஸ் என்பது 17ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த பூர்வகுடித் தலைவர் ஒருவரின் பெயர். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. அன்றைக்குக் கார்கள் ரதவீதியில் தேர் நகர்வது போல நகர்ந்தன. ஆனால், அக்கா, நக்கலை விட்டுவிட்டுச் சொல்கிறேன். ஒரு வளைவு திரும்பியதும் மலைச்சரிவு முழுக்கக் குங்குமமும் மஞ்சளும் கொட்டிக் கிடந்தது. நடுநடுவே ஊசியிலை மரங்கள் கரும்பச்சையாக. காருக்குள் யாரும் பேசவில்லை. வைஃபை கேட்ட மகள்கூட ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். சிக்னல் இல்லாததும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை பிரான்கோனியா கணவாய். மாநில நெடுஞ்சாலைப் பலகைகளில் ஒரு கிழவனின் முகம். அங்கே மலையின் செங்குத்துச் சரிவில் மனித முகம் மாதிரி ஒரு பாறை இருந்தது, ‘மலைக்கிழவன்’ என்று அதைத் தங்கள் மாநிலச் சின்னமாகவே வைத்திருந்தார்கள். 2003 மே 3ஆம் தேதி அது இடிந்து விழுந்துவிட்டது. பலகையில் மட்டும் இன்னும் இருக்கிறார். “ஆள் போய் இத்தனை வருஷமாச்சு, ரேஷன் கார்டுல பேரை எடுக்காம வச்சிருக்காங்க” என்றார் அத்தை.

பக்கத்தில்தான் ஃப்ளூம் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கருங்கல் சுவர், நடுவே ஓடை, சுவரை ஒட்டி மரப்பாலம், முடிவில் ஓர் அருவி. சுற்றிவர இரண்டு மைல். “என் முட்டியைப் பார்த்தீங்கல்ல மாப்பிள்ளை, நான் கார்லயே இருக்கேன்” என்றார் அத்தை. அப்போது மகள் ஒரு தகவலை வாசித்தாள்: 1808இல் இந்த இடத்தைக் கண்டுபிடித்தது ஜெஸ் கெர்ன்சி என்கிற அம்மாள். ஊரே ‘ஜெஸ் அத்தை’ என்று கூப்பிடும். மீன் பிடிக்கக் கிளம்பியவர் தற்செயலாக இதற்குள் வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 93. அத்தை ஒன்றும் பேசவில்லை. எழுபத்தொரு வயதுக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். அருவிக்குப் பக்கத்தில் போய் நின்றதும் கேட்ட முதல் கேள்வி: “எங்க குளிக்கணும்?” குளிக்கக்கூடாது, பார்க்க மட்டும்தான் என்றேன். “இதுக்கா டிக்கெட்டு?” என்றார்.

அங்கேதான் ஒரு காரியம் நடந்தது.

நல்ல கூட்டம். சாரல் தெறித்துப் பாலம் வழுக்கியது. நான் இரண்டு பை, குழந்தையின் பால் புட்டி, நாலு பேருடைய ஸ்வெட்டர், சகலையின் கேமரா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்ததும் தலையை எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்று. பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. “யாரோ குறையுறாங்க! எல்லாரும் அப்படியே நில்லுங்க!” என்று தமிழில் கத்தினேன். தமிழ் தெரியாத நாலைந்து வெள்ளைக்காரர்களும் அப்படியே நின்றார்கள். என் மனைவி நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். “உங்களையும் எண்ணுங்க” என்றாள்.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் ஆளாளுக்குத் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி ஒருவனைக் காணோம் என்று அழுவார்களே, அந்தக் கதைதான். சகலை இதை இன்னும் ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு ஞாபகம் வந்தது வேறு. குற்றாலத்திலிருந்து திரும்பும்போது தென்காசி பஸ் ஸ்டாண்டில் அப்பா எண்ணுவாரே, தோளில் ஈரத் துண்டெல்லாம் தொங்க, உதடு அசைய. ஒவ்வொரு வருஷமும் பதினெட்டுதான் வரும். முகம் வெளுத்துவிடும். பெரியம்மா, “உம்மையும் சேர்த்து எண்ணும்யா” என்பாள். நாமெல்லாம் பஸ் அதிரச் சிரிப்போம்.

திங்கள்கிழமை காலை வீட்டைக் காலி செய்கிற படலம். சுத்தம் செய்ய ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. ஆனாலும் விதிப்படி நாங்களே படுக்கை விரிப்பை உருவ வேண்டும், துண்டுகளைக் குவிக்க வேண்டும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தை ஓட விட வேண்டும், குப்பையைக் கட்ட வேண்டும். அப்படியென்றால் அந்தக் காசு எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 9.40க்கு எல்லாம் முடிந்தது. அப்போது அத்தை, “நாம கிளம்பினதும் யாராவது வந்து கூட்டுவாங்களா?” என்றார். பத்தடித்ததும் ஆள் வரும் என்றேன். “ஊருக்குப் போறவங்க போய்ச் சேருறதுக்குள்ள வீட்டைக் கூட்டக்கூடாது மாப்பிள்ளை. நாம நியூஜெர்சி போய்ச் சேர்ந்ததும் போன் பண்றோம், அப்புறம் கூட்டச் சொல்லுங்க.” வீட்டுக்காரருக்கு இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று யோசித்தபடியே கனெக்டிகட் வரை வந்துவிட்டேன்.

நாங்கள் எடுத்த படங்கள் மொத்தம் ஆயிரத்துக்கு மேல். திரும்பி வந்த ராத்திரி எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றிலும் நான் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், ஸ்வெட்டர் குவியலுக்குக் கீழே, என் செருப்பு மட்டும் தெரிகிறது.

அக்கா, உன்னை ஒன்று கேட்க வேண்டும். அப்பா அருவியில் குளித்து நீ பார்த்திருக்கிறாயா? நான் எவ்வளவோ யோசித்துவிட்டேன். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நாம் ஓடுவது ஞாபகம் இருக்கிறது. அத்தான் பாசியில் வழுக்கி விழுந்தது ஞாபகம் இருக்கிறது. கேரள பார்டரில் சாப்பிட்ட புரோட்டாகூட நினைவில் இருக்கிறது. அப்பாவை நினைத்தால் மட்டும், பத்தொன்பது பேர் துணியையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, பர்ஸை வேட்டி முடிச்சில் செருகி, பாறைமேல் நனையாமல் உட்கார்ந்திருப்பவர்தான் வருகிறார். பத்தொன்பது பேர் துணி எப்படி இருக்கும்? பதினெட்டுதானே. இப்போதும் நான் தப்பாகத்தான் எண்ணுகிறேன்.

அவரிடமே கேட்டுவிடாதே. “குளிக்காம பின்ன?” என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்துக்கொள்வார். அத்தானிடமும் கேட்காதே. பார்க்காததையெல்லாம் பார்த்தேன் என்பார்.

வருகிற ஜூலையில், சாரல் கட்டியதும் வருகிறேன். அப்பாவை மெதுவாகக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போவோம். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சின்னப்பிள்ளைகள் நிற்கிற ஓரத்தில் நிறுத்தினால் போதும். துணியையும் செருப்பையும் நான் வைத்துக்கொள்கிறேன். இந்த நாலு மாதத்தில் நல்ல பழக்கம் வந்துவிட்டது.

வீடு மட்டும் நீ பார்த்து வை. அங்கே இன்னும் எத்தனை நாள் என்றுதானே கேட்கிறார்கள்?

இப்படிக்கு,
அன்புத் தம்பி